திறப்பைக் கொடுத்த நண்பர்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியரிடம் வேறென்ன கேட்பது என்ற எண்ணத்தினாற் போலும், "இலக்கியமாக ஏதாவது" என்று மட்டும் சொல்லிச் சென்றனர். இலக்கியம் பற்றி எழுதுவோர் இம்மலரிற் பலர் உளர். கல்லூரியின் வளர்ச்சி, அதிபர்களின் தொண்டு, துடுப்பாட்ட வெற்றிகள் ஆகியவற்றை எழுதுவோரும் உளர். நாம் எழுதப் புகுந்ததோ விழா மலர்களில் வழக்கமாக இடம்பெறாத ஒன்று. குடியிலிருந்து மீண்ட ஒருவரைப் பற்றியது அது. அவர் இக்கல்லூரியின் பழைய மாணவர். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்றவர். அவருடைய பெயரை ஈண்டுக் கூறோம். அவர் அஞ்சி மறுத்ததனால் அன்று. "பெயரைப் போட்டால் என்ன?" என்றே அவர் கேட்டார். ஆயினும் பெயர் கூறாமை அவர் மீண்ட வழியின் ஒரு பகுதி. அதன் காரணம் பின்னர் வரும்.

எமது வகுப்பிற் பயின்ற 38 பேருள் மூவர் 45 வயதை எட்டுமுன்னரே குடியினால் மாண்டனர். போரில் மாண்ட வகுப்புத் தோழரின் பெயர்களைக் கூடுமிடமெல்லாம் சொல்லி நினைவுகூருகின்றோம். இம்மூவரின் பெயர்களை ஒருவரும் உரக்கச் சொல்வதில்லை. செத்த வீட்டிலே "ஈரல் வருத்தம்" என்று சொல்லி முடித்துக்கொள்கின்றோம். எமது நண்பர் நான்காமவராக வேண்டியவர். ஆகவில்லை. எவ்வாறு ஆகாமற் போனார் என்பதை அருகிலிருந்து கண்டவர் என்ற முறையில் எழுதுகின்றோம். அவர் இதனை வாசித்து இசைந்த பின்னரே அச்சுக்குக் கொடுத்தோம்.

நண்பர் மாணவப் பருவத்திலே கணிதத்தில் வல்லவர். கேத்திர கணிதத் தேற்றமொன்றை ஆசிரியர் கரும்பலகையில் நிறுவி முடிக்குமுன்னர், அதனை வேறொரு வழியால் நிறுவித் தமது கொப்பியில் எழுதி வைத்திருப்பார். தமிழில் மட்டும் எம்மிலும் சிறிது பின்தங்கியவர். இதனைச் சொல்வதில் எமக்குள்ள மகிழ்ச்சியை வாசகர் பொறுத்தருள்க. விளங்காத கணக்கை அவர் ஒருபோதும் பிறரிடம் கேட்டதில்லை. இரவிரவாக விளக்கு வைத்துத் தாமே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததை மறுநாள் எல்லோர்க்கும் சொல்லிக் கொடுப்பார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபொழுது அந்தக் கூட்டத்தில் நாமும் நண்பரும் இருந்தோம். நாவற்குழிப் பாலத்தில் அடியடியாகவே நகர முடிந்தது. மழை வேறு. நண்பருடைய சைக்கிளில் அவர் வீட்டு மூட்டை ஒன்று, அயல்வீட்டுக் கிழவியின் மூட்டை ஒன்று, யாரென்றே தெரியாத ஒருவரின் தையல் இயந்திரத் தலை ஒன்று. நாம் ஒரு மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினோம். கொடுக்கவில்லை. "உன்ரை அலுவலைப் பார்" என்றார். பிறர் சுமையைத் தாங்குவார். தம் சுமையில் ஒரு நூலளவும் பிறர் தோளில் வைக்கமாட்டார். அன்று அதனைப் பெருந்தன்மை என்றே எல்லோரும் கருதினர்.

ஈண்டு ஒன்றைக் கூறல் வேண்டும். குடிகாரர் தன்னலம் பிடித்தவர் என்று உலகம் சொல்லும். எமது நண்பரை அறிந்தவர் எவரும் அவரைத் தன்னலமி என்று சொல்லார். கையிலிருப்பதை எல்லாம் கொடுப்பவர். ஆனால் தன்னலம் வேறு. தன்னையே அச்சாகக் கொண்டு உலகத்தைச் சுழலவிடுதல் வேறு. பின்னதற்குத் தன்முனைப்பு என்று பெயரிடலாம். 'என் துன்பம் எவர்க்கும் விளங்காது. என்னைத் திருத்த என்னால் மட்டுமே முடியும். என்னால் முடியாதது எவராலும் முடியாது' என்ற எண்ணந்தான் அது. கொடையாளியிடத்தும் அது குடியிருக்கக் கூடும். கொடுக்கத் தெரிந்து வாங்கத் தெரியாதவரிடத்து அது நெடுங்காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கும்.

படித்து முடித்தபின் வெளிமாவட்டத்தில் அரசாங்க எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. விடுதி வாழ்க்கையிற் சனிக்கிழமைக் குடி தொடங்கிற்று. 2009இல் வன்னியில் அவருடைய தம்பி மாண்டார். அதன்பின் சனிக்கிழமை என்ற வரையறை போயிற்று. குடிப்பதற்குக் காரணம் தேடுவோர்க்கு எமது நாட்டிற் காரணத்துக்குப் பஞ்சமில்லை. நண்பருடைய காரணத்தை நாம் சிறிதென்று சொல்லோம். ஆனால் ஒருவர் குடிக்கத் தொடங்கியதற்கான காரணமும் அவர் நிறுத்த முடியாதிருப்பதற்கான காரணமும் ஒன்றல்ல. தம்பியை நினைத்துக் குடித்தவர், சில ஆண்டுகளில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கலானார். ஊருக்கு மாற்றலாகி வந்தபின் கிணற்றடி மோட்டர்க் கொட்டிலில் ஒரு போத்தல், வைக்கோற் போரில் ஒரு போத்தல், மகளின் பழைய புத்தகப் பெட்டியில் ஒரு போத்தல் என்று வைத்தார். காலையில் வாயைக் கொப்பளித்து வெற்றிலை போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போவார். கணக்கு மட்டும் பிழைக்கவில்லை. கணக்குப் பிழைக்காததே அவருக்குப் பெரும் கேடாயிற்று. "வேலையில் ஒரு குறை சொல்லு பார்ப்பம்" என்பார். "நான் நினைச்சால் நாளைக்கே விட்டிடுவன் மச்சான்" என்பார்.

விட்டும் இருக்கின்றார். கோயிலிற் கற்பூரம் அணைத்து மூன்று முறை சத்தியம் செய்தார். முதன்முறை 21 நாள், இரண்டாம் முறை 40 நாள், மூன்றாம் முறை 6 நாள். ஒவ்வொரு முறையும் தனியாகவே போனார். மனைவியையும் அழைத்துச் செல்லவில்லை. சத்தியம் முறிந்த செய்தியைத் தாமே வந்து எம்மிடம் சொல்வார். சொல்லும்பொழுது வெட்கத்தோடு ஒருவகைப் பெருமிதமும் கலந்திருக்கும்: என்னையே என்னால் வெல்ல முடியவில்லையென்றால் இது எவ்வளவு பெரிய பகை பார் என்பது போல.

தமிழாசிரியர் ஆதலின் இந்த இடத்திற் குறளுக்குப் போகாமல் எம்மால் இருக்க முடியாது. கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம்; அது வைக்கப்பட்டிருப்பது அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். அதன் இறுதி இரண்டு குறள்களையும் வகுப்பிற் பல்லாண்டு படிப்பித்து வருகின்றோம். ஒன்பதாவது குறள், வெறிகொண்டவனுக்கு நியாயம் எடுத்துரைப்பதை, நீருக்குள் அமிழ்ந்துபோன ஒருவனை விளக்கேற்றிக்கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகின்றது. பத்தாவது குறளோ, ஒருவன் தான் குடியாதிருக்கும் வேளையில் வெறிகொண்ட வேறொருவனைக் காணும்பொழுது தன் நிலையை எண்ணிப் பாரானோ என்று கேட்கின்றது. இரண்டையும் தனித்தனியே உரை கூறிச் செல்வது வழக்கம். சேர்த்து வாசித்தால் ஒரு வழி தெரிகின்றது. கரையில் நிற்பவன் பிடிக்கும் விளக்கு நீருக்குள் எரியாது. ஆயினும் அமிழ்ந்தவன் இன்னொரு அமிழ்ந்தவனைக் காணக்கூடும். வள்ளுவர் இதனை நினைத்துத்தான் அடுத்தடுத்து வைத்தார் என்று நாம் வாதிடவில்லை. நண்பருக்கு நேர்ந்தது இதுதான் என்று மட்டும் சொல்கின்றோம்.

2018 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் கந்தோரில் வலிப்பு வந்து விழுந்தார். நான்காம் முறையாகத் தாமாகவே குடியை நிறுத்தி இரண்டாம் நாள் அது. இதனை இளைஞர்கள் கவனித்து வாசித்தல் வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுங்கும், வியர்க்கும், உறக்கம் போகும், முதல் இரண்டு நாளுள் வலிப்பு வரக்கூடும், இரண்டாம் மூன்றாம் நாளளவிற் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றி அறிவு மயங்கும். இது மருத்துவர் கண்காணிப்பில், மருந்தோடும் 'பி1' என்னும் தயமின் உயிர்ச்சத்தோடும் செய்ய வேண்டிய காரியம். மன உறுதியைக் காட்டும் இடம் இதுவன்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே மதுவடிமைத்தனம் மருத்துவம் செய்யவேண்டிய நோய் என்று ஏற்றுக்கொண்டது. எமது ஊர்களில் இன்னமும் அதனை அறையிற் பூட்டி வைத்து மாற்றலாம் என்று எண்ணுவோர் உளர்.

மருத்துவமனை விடுதியில் ஐந்து நாட் சென்றபின் நடுக்கம் நின்றது. ஆறாம் நாள் ஒரு முதியவர் வந்தார். மேசன் தொழிலாளி. வேட்டியிற் சீமெந்துக் கறை. விடுதிக்கு வாரந்தோறும் வந்து போவாராம். நண்பர் அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குப் புத்தி சொல்ல இவர் ஆர்?" என்ற எண்ணம் முகத்தில் எழுதியிருந்தது, நாம் அப்பொழுது அருகில் இருந்தோம். மேசனார் புத்தி சொல்லவில்லை. கதிரையை இழுத்து, "தம்பி, எனக்கு இண்டைக்கு மனம் சரியில்லை. குடிச்ச ஒருத்தரோடை கொஞ்ச நேரம் கதைச்சால்தான் வீட்டை போய்ச் சேருவன் போல கிடக்கு. இருக்க விடுவியளோ?" என்றார். நண்பர் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்டவர் எவரையும் மறுத்துப் பழகாதவர் அல்லவா?

மேசனார் தம் கதையைச் சொன்னார். சாந்தகப்பையையும் தூக்குக்குண்டையும் அடைவு வைத்துக் குடித்த கதை. தாம் எழுப்பிய சுவர் சரிந்ததைத் தாமே பார்த்துக்கொண்டு நின்ற கதை. மகளின் பூப்புனித நீராட்டு விழாப் பணத்தை எடுத்த கதை. தாம் குடியாது ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதை இறுதியிற் போகும்பொழுதுதான் சொன்னார். நண்பர் அன்றிரவு எம்மிடம் சொன்னது இதுதான்: "மச்சான், போத்தலை எங்கை ஒளிச்சு வைக்கிறது எண்டு அந்தாளுக்குத் தெரியும்."

மேசனார் செய்தது அவருடைய கற்பனையன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவர் அதனைக் கொழும்பில் வேலை செய்த காலத்திற் கூட்டங்களுக்குப் போய் அறிந்தவர். நாம் பின்னர் வாசித்து அறிந்தோம். வியப்பான வரலாறு ஆதலின் சற்று விரித்துச் சொல்கின்றோம். நியூயோர்க் நகரத்துப் பங்குச் சந்தையில் உழைத்த வில்லியம் வில்சன் என்பவர் குடியினால் அனைத்தையும் இழந்து, 1934 டிசெம்பரில் மருத்துவமனையிற் கிடந்தபொழுது குடியை விட்டார். விட்ட உற்சாகத்திற் பல மாதங்களாகக் கண்ட குடிகாரருக்கெல்லாம் போதனை செய்தார். ஒருவராவது திருந்தவில்லை. (போதனையின் வலிமை எவ்வளவு என்பதை எம் போன்ற ஆசிரியர்கள் நன்கு அறிவோம்.) அவருக்கு வைத்தியம் செய்த டாக்டர் சில்க்வேர்த், போதிப்பதை நிறுத்திவிட்டு நோயின் தன்மையைச் சொல்லுமாறு அறிவுரை கூறினார்.

1935 மே மாதத்தில் வில்சன் ஒகையோ மாநிலத்து அக்கிரன் நகரத்துக்கு வியாபாரக் காரியமாகப் போனார். காரியம் தோற்றது. கையிற் காசில்லை. தங்கியிருந்த ஹொட்டேலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுச்சாலையின் சிரிப்பொலி. மறுபக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். குடிக்கப் போகின்றோம் என்று அஞ்சினார். அஞ்சிய அந்த நேரத்தில் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது: அதுவரை அவர் போதித்தவர்களுள் ஒருவரும் திருந்தவில்லையாயினும், போதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் குடிக்கவில்லை. ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது தம்மைக் காப்பாற்றும் ஒருவரன்று. தாம் போய்ப் பேசுவதற்கு ஒரு குடிகாரர். பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்தத் தொடர்பின் முடிவில், மே 12ஆம் நாள் மாலையில், ரொபேட் சிமித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த வைத்தியர் இரவு பதினொரு மணி கடந்தும் இருந்தார். குடியைப் பற்றி அந்த வைத்தியர் வாசிக்காத நூலில்லை, கேளாத அறிவுரையில்லை. வந்தவர் அறிவுரை கூறவில்லை. தமக்கு உதவி தேவை என்றார். அதுவே வேறுபாடு.

வைத்தியர் உடனே நேரானார் என்று எண்ணவேண்டா. அடுத்த மாதம் ஒரு மாநாட்டுக்குப் போனவர் குடித்துவிட்டே திரும்பினார். அவர் இறுதியாகக் குடித்தது 1935 யூன் 10ஆம் நாள் என்பது அந்தச் சங்கத்தார் கொண்டாடும் கணக்கு. அன்று அவருக்கு ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கை நடுக்கம் அடங்குவதற்காக வில்சனே ஒரு போத்தல் பியர் கொடுத்து அனுப்பினார். சிகிச்சை முடிந்தபின் நெடுநேரமாகியும் வைத்தியர் வீடு திரும்பவில்லை. பயந்தார்கள். அவரோ, தாம் கடன்பட்டவர்களையும் தாம் ஒளித்துத் திரிந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று உண்மை சொல்லிக்கொண்டிருந்தார். 1950இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. இவ்விருவரின் சந்திப்பிலிருந்து பிறந்ததே 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் கூட்டுறவு. 'பெயர் கூறாக் குடிநோயாளர்' என்று தமிழாக்கலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி; கட்டணம் இல்லை; வெளியார் நன்கொடை பெறுவதில்லை. பெயர் கூறாமை வெட்கத்தை மறைப்பதற்கு மட்டுமன்று. ஒருவரும் தம் மீட்சியைக் காட்டிப் பெரியவர் ஆகாதிருப்பதற்கும் அதுவே காவல். மேடையேறி 'நான் குடியை வென்றேன்' என்று பேசுபவரிடம் அந்த 'நான்' இன்னும் நலமாகவே இருக்கின்றது அல்லவா?

இம்முறை பலிக்குமா என்று நெடுங்காலம் கல்விமான்கள் ஐயுற்றனர். 2020இல் வெளியான கொக்கிரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கியது. இக்கூட்டங்களிற் சேர்த்துவிடும் முறையான சிகிச்சை, இடைவிடாத குடியாமையை உண்டாக்குவதில் ஏனைய சிகிச்சைகளிலும் மேம்பட்டது என்று அது கண்டது. எல்லோர்க்கும் பலிக்கும் என்று அதனாற் பெறப்படாது. மருந்தும் மருத்துவரும் வேண்டா என்றும் பெறப்படாது. இது நிற்க.

விடுதியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் மாலை நண்பர் எமது வீட்டுக்கு நடந்து வந்தார். விறாந்தையில் இருந்து, சட்டைப் பையிலிருந்து மோட்டர்ச் சைக்கிள் திறப்பையும் வங்கி அட்டையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை வைச்சிரு. கேட்டாலும் தராதை" என்றார். எப்பொழுது திருப்பித் தருவது என்று கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "நீயும் அவவும் சேர்ந்து தீர்மானியுங்கோ" என்றார். நாவற்குழிப் பாலத்தில் ஒரு மூட்டையைக் கொடாதவர் அவர். குடியை விட்டதிலும் இச்சொல்லைச் சொன்னதே அவருக்குக் கடினமாக இருந்தது என்று பின்னர் எம்மிடம் கூறினார்.

நான்காம் நாள் வந்து திறப்பைக் கேட்டார். ஒரு வழக்கறிஞர் தோற்றுப் போவார். அவ்வளவு நேர்த்தியான நியாயங்கள். மகளின் பாடசாலைக் கூட்டம், கந்தோர்க் கடிதம், மாமியாரின் மருந்து. நாம் கொடுக்கவில்லை. உரத்துப் பேசினார், அயலார் வேலிக்கு மேலாற் பார்த்தனர். "ஒரு வாத்தியாரிட்டைப் போய் என்ரை திறப்பை இரக்க வேண்டிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு நடந்து போனார். மறுநாள் வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு வந்தார். அது தவறணைக்குப் போகும் நேரம். அந்த நேரத்தை எமது விறாந்தையிற் கழிப்பது என்று மேசனார் வகுத்துக் கொடுத்திருந்தார்.

இறைவனை நம்புவது பற்றி ஒருநாட் பேச்செழுந்தது. அவர் சொன்ன மறுமொழி எம்மைத் திகைக்க வைத்தது. "முருகனை நம்பிறது எனக்குச் சுகமாய் இருந்தது மச்சான். அவர் என்ரை மோட்டர்க் கொட்டிலை வந்து பார்க்கமாட்டார். மேசனார் பார்ப்பார்." மூன்று சத்தியங்களும் ஏன் நிலைக்கவில்லை என்பது எமக்கு அன்று விளங்கிற்று. அவை வேறு மனிதர் ஒருவரும் அறியாமற் செய்யப்பட்டவை. சாட்சி சொல்ல வாராத தெய்வத்தைச் சாட்சியாக வைத்துத் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட உறுதிகள் அவை.

ஆறு மாதங்கள் குடியாமல் இருந்தார். ஊரிற் பாராட்டினர். அக்காலத்திலே ஒருநாள் அவருடைய மனைவி எம்மிடம் சொன்ன சொல்லை இக்கட்டுரையின் மற்றெல்லாப் பகுதியிலும் மேலாகக் கருதுகின்றோம். "அண்ணை, குடிக்கேக்கையும் அவர் தன்னைத்தான் நினைச்சார். விட்ட பிறகும் தன்னைத்தான் நினைக்கிறார். இண்டைக்கு எத்தினை நாள், எனக்கு எப்பிடி இருக்கு, நான் எவ்வளவு கஷ்டப்படுறன் எண்டு ஒரே கதை. பிள்ளை சோதினை எழுதினதைக் கூடக் கேக்கேல்லை. எனக்கு என்ன வித்தியாசம்?" என்றார். அவர் சமையலறைத் தட்டிலிருந்த சில்லறையை இன்னும் எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். நண்பருக்கு அது பெருங்கோபம்: "நான் விட்டுட்டன், இவ இன்னும் நம்பிறா இல்லை." ஒன்பது ஆண்டு பொய் சொன்னவரை ஆறு மாதத்தில் நம்பவேண்டும் என்று எந்தக் கணிதத்தில் வருகின்றது என்று மேசனார் கேட்டாராம். கணக்கிற் சொன்னதால் நண்பருக்குச் சட்டென்று விளங்கிற்று. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென்று 'அல்-அனொன்' என்னும் தனிக் கூட்டுறவைத் தொடங்குவதில் முன்னின்றார் என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். குடிப்பவர் ஒருவர், நோய் கொள்பவர் வீட்டார் அனைவரும்.

2019 மார்ச்சில் நண்பர் ஒருமுறை குடித்தார். தம்பியின் பிறந்தநாள். குடித்தபின் செய்ததே முன்னையவற்றிலிருந்து வேறுபட்டது. முன்பெல்லாம் ஒளிப்பார், அல்லது நாட்கழித்துத் தாமே வந்து வரலாறு கூறுவார். இம்முறை பாதிப் போத்தல் கையில் இருக்கும்பொழுதே, இரவு பத்து மணிக்கு, மேசனாரை அழைத்து, "ஐயா, ஒருக்கால் வாங்கோ" என்றார். வாழ்க்கையில் அவர் ஒரு மனிதரிடம் கேட்ட முதல் உதவி அது என்று எண்ணுகின்றோம். மேசனார் சைக்கிளில் வந்தார். மீதியைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றியவர் நண்பரின் மகள்.

அதன்பின் வாசிகசாலையின் பின்னறையிற் சனிக்கிழமைதோறும் ஐவர் கூடத் தொடங்கினர்: மேசனார், நண்பர், மீன் வியாபாரி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வான் சாரதி ஒருவர். 2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபொழுது கூட்டம் நின்றது. ஒருவர் மற்றவரை மாலை ஆறு மணிக்கு முறைவைத்துத் தொலைபேசியில் அழைத்தனர். தமக்கு அழைப்பு வரும் நாளினும் தாம் அழைக்கவேண்டிய நாள் எளிதாகக் கழிந்தது என்று நண்பர் சொன்னார். அக்கிரன் நகரத்து ஹொட்டேற் கூடத்தில் வில்சன் கண்டதும் அதுவே.

அவருடைய பேச்சிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தொழில் காரணமாக அதனை நாமே முதலிற் கவனித்தோம். தமிழில் வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடும். 'வந்தேன்' என்றால் வந்தவர் யாரென்று ஐயமில்லை. அப்படியிருந்தும் நண்பர் முன்னர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான், நான்' என்பார். படிப்படியாக அது தோன்றா எழுவாய் ஆயிற்று. பின்னர் 'நாங்கள்' வந்தது. அதுவும் முன்பு வழங்கிய சொல்தான். ஆனால் தவறணையிற் சொல்லிய 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்துவது. 'உனக்கு என்ன தெரியும், நாங்கள் பட்ட பாடு' என்பதில் வரும் நாங்கள் அது. இப்பொழுது அவர் மகளோடு பேசும்பொழுது 'நாங்கள்' போய் 'நாம்' வருகின்றது. கேட்பவரையும் உளப்படுத்தும் பன்மை என்று வகுப்பிற் படிப்பிக்கின்றோம். அந்தக் கூட்டுறவின் பன்னிரண்டு படிகளில் முதலாவது படியின் ஆங்கில மூலம் தன்மைப் பன்மைச் சொல்லோடே தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்; தமிழில் மொழிபெயர்ப்பவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நாமாயின் 'நாம்' என்றே பெயர்ப்போம்.

சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பிற் களிம்புக்கு ஒப்பிடும். அச்சொல்லுக்கு 'அணு' என்பதை அடியாகக் கொள்வர். எங்கும் விரிய வல்ல உயிரை அணுப்போலச் சிறுக்கச் செய்வது ஆணவம். தன்னைப் பெரிதாக எண்ணுவதே ஆணவம் என்று உலக வழக்கு. பெரிதாக எண்ணியவர் மோட்டர்க் கொட்டிலளவு உலகத்திற் சுருங்கியிருந்ததைக் கண்டபின், பழைய பொருள் எவ்வளவு நுண்ணியது என்பது எமக்குப் புலனாயிற்று.

வங்கி அட்டையை 2020 முடிவில் மனைவியின் விருப்பப்படி அவரிடமே கொடுத்தோம். மோட்டர்ச் சைக்கிள் திறப்பை அவர் இன்னும் எமது வீட்டு ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கின்றார். காலையில் வந்து எடுத்து, மாலையில் மாட்டிவிட்டுத் தேநீர் அருந்திப் போவார். அவசியம் இல்லையே என்றோம். "எனக்கு இல்லை, உனக்குத்தான் ஆள் தேவை" என்றார். அதுவும் உண்மைதான்.

சென்ற ஆண்டு மேசனார் கண் தெரியாமையால் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினார். இப்பொழுது நண்பர் போகின்றார். எமது கல்லூரியில் எமக்குப் பத்தாண்டு பின்னர் படித்த ஒருவரை அங்கே கண்டாராம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். நண்பர் கதிரையை இழுத்து இருந்துகொண்டு, தமக்கு அன்று மனம் சரியில்லை என்றாராம். "பொய்யோ?" என்று கேட்டோம். "இல்லை மச்சான், உண்மையிலேயே சரியில்லை" என்றார்.

இதனை வாசிக்கும் பழைய மாணவருள் எவரேனும், அல்லது அவர் வீட்டார் எவரேனும், அந்த ஐவரைக் காண விரும்பின் கல்லூரிக்கு வந்து தமிழாசிரியரைக் கேட்கலாம். ஐவர் இப்பொழுது பதினொருவர். சனிக்கிழமை மாலை ஆறு மணி. பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை, பெயரும் கேளார். இந்த மாதம் தேநீர் ஊற்றுவது எமது நண்பரின் முறை. சீனி சற்று அதிகமாகவே போடுவார்.